கால் வைத்த வட்டத் தொட்டியில் போன்சாய்: காட்சிக்கு வைக்கும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

நீள்சதுரத் தொட்டி என்றால் அதன் நீளப் பக்கமே முகப்பை, அதாவது பார்ப்பவரை நோக்க வேண்டிய பக்கத்தை, காட்டிவிடும். வட்டத் தொட்டிக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை. அதற்கு முன், பின் என்று ஒன்றைக் கொடுப்பது அடியில் இருக்கும் கால்தான். நம் ஊரில் பெரும்பாலும் மரத்தை நட்டு, வேரை மூடி, தண்ணீரும் ஊற்றிய பிறகுதான் கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்க்கிறார்கள். கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த வரிசை மாறுவதால் வருகிறவை.

முதலில் நியதியைச் சொல்லிவிடலாம். மூன்று கால் தொட்டியில் ஒரு கால் பார்ப்பவருக்கு நேர் எதிரே, நடுவில் வர வேண்டும். நான்கு கால் என்றால் இரண்டு கால்கள் முன்னால், அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி பார்ப்பவரை நோக்கி. ஜப்பானிய வீடுகளில் பூசை மாடத்தில் வைக்கும் மூன்று கால் ஊதுவத்திக் கிண்ணத்தையும் ஒரு கால் முன்னால் வரும்படியே வைப்பார்கள். இது வெறும் வழக்கம் மட்டுமல்ல, எடை சம்பந்தப்பட்ட காரணமும் இருக்கிறது. அதைத் தொட்டி சாயும் இடத்தில் பார்ப்போம்.

அறிகுறி: மரம் நேராகத்தான் இருக்கிறது, ஆனாலும் பார்க்க ஏதோ கோணலாகத் தெரிகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். கிளையைக் கம்பி கட்டி வளைப்பதற்கு முன், தொட்டியை மாற்றுவதற்கு முன், காலைப் பாருங்கள்.

தொட்டியைச் சமமான மேடையில் வையுங்கள். கைபேசியைக் காலின் உயரத்துக்கே தாழ்த்தி, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, மரத்தின் முகப்பிலிருந்து ஒரு படம் எடுங்கள். முன் காலும், தொட்டியின் அடி வழியாக இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கும் பின் கால்களும் படத்தில் தெரியும். முன் காலிலிருந்து இடப்பக்கக் கால் எவ்வளவு தூரமோ, வலப்பக்கக் காலும் அதே தூரத்தில் இருந்தால் தொட்டி சரியாக நிற்கிறது. கால்கள் நடுவிலிருந்து 9 செ.மீ. தள்ளி இருக்கும் தொட்டியில் இந்த இடைவெளி ஒவ்வொரு பக்கமும் சுமார் 7.8 செ.மீ. வர வேண்டும். அதே தொட்டி வெறும் 10 டிகிரி திரும்பியிருந்தால் ஒரு பக்கம் 5.3, மறுபக்கம் 10 என்று ஆகிவிடும். கிட்டத்தட்ட ஒன்றுக்கு இரண்டு. 24 செ.மீ. விட்டமுள்ள தொட்டியின் விளிம்பில் 10 டிகிரி என்பது 2 செ.மீ. நகர்வுதான். நடும்போது கை அசைந்தாலே அவ்வளவு நகர்ந்துவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கண் உறுத்தும்.

சரிசெய்ய மூன்று வழி உண்டு. விலகல் 5 டிகிரிக்குள் இருந்தால் தொட்டியையே மெல்லத் திருப்பிக் காலை நேருக்குக் கொண்டுவாருங்கள். மரத்தின் முகப்பு அந்த அளவு மாறினால் பெரும்பாலும் தெரியாது. சில மரங்களில் அதுவே நல்ல முகப்பாகவும் அமையும்.

விலகல் அதைவிட அதிகம், மரம் நட்டு இரண்டு மூன்று வாரம்தான் ஆகிறது என்றால், வேர் இன்னும் தொட்டியைப் பிடித்திருக்காது. மரத்தைத் தொட்டியோடு கட்டி அடியில் முறுக்கிய கம்பியை வெட்டி, மண்கட்டியோடு மரத்தைத் தூக்கி, தொட்டியை அடியில் திருப்பி வைத்துவிட்டு மறுபடி இறக்கிக் கட்டலாம். வேரை வெட்ட வேண்டாம். மண்கட்டியைத் தொட்டிக்குள் வைத்தபடியே முறுக்கித் திருப்ப மட்டும் முயல வேண்டாம். இச்சி தாங்கிக்கொள்ளும். காகிதப்பூவின் வேர் முருங்கைக் கொம்பு போல முறிந்துவிடும்.

வேர் பிடித்துவிட்ட மரம் என்றால் மறுநடவுப் பருவம் வரை பொறுங்கள். வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வேரில் கை வைக்கக் கூடாது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும்போது வேர் கலைந்த மரம் மேலே நீர் ஏற்ற முடியாமல் இலை சுருண்டு போகும். இச்சி, ஆல், அரசு வகைகளுக்கு மாசி நல்லது, அதை விட்டால் ஆடியில் நாலு மழை விழுந்த பிறகு. புளிக்குப் புதுத் துளிர் கிளம்பும் நேரம்.

மறுபடி இந்தத் தவறு வராமலிருக்க ஒரு சின்ன வேலை போதும். வெறும் தொட்டியைக் கவிழ்த்து, முன்னால் வர வேண்டிய காலுக்கு நேரே விளிம்பின் வெளிப்பக்கத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அதற்கு நேர் எதிரே, பின்பக்கம் இன்னொன்று. மரத்தின் அடித்தூரிலும் முகப்புப் பக்கம் ஒரு நூல் கட்டிக்கொள்ளுங்கள். நடும்போது முன் டேப், நூல், பின் டேப் மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் வேலை முடிந்தது. மூங்கில் குச்சியால் மண்ணைக் குத்தி இறக்கும்போதுதான் மரம் திரும்பும். ஆகவே குத்தி முடித்த பிறகு ஒரு முறை கோட்டைச் சரிபார்த்துவிட்டு டேப்பை எடுங்கள்.

அறிகுறி: தொட்டி டொக் டொக் என்று ஆடுகிறது

முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும். மூன்று கல் அடுப்பு மேடு பள்ளத்திலும் நிற்பது இதனால்தான். எந்த மூன்று புள்ளியும் ஒரே தளத்தில் அமைந்துவிடும், நாலாவது புள்ளிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. எனவே மூன்று கால் தொட்டி ஆடினால் காலில் கோளாறு தேட வேண்டாம். அடிப்பக்கத்தில் வேறு ஏதோ தரையைத் தொடுகிறது.

பெரும்பாலும் அது கம்பிதான். வடிகால் துளையில் வலையைப் பிடித்து நிற்கும் கம்பியையும், மரத்தைக் கட்டிய கம்பியையும் அடியில் முறுக்கிவிட்டு நுனியை அப்படியே விட்டிருப்பார்கள். காலின் உயரம் 8 மில்லிமீட்டர், முறுக்கு 10 மில்லிமீட்டர் என்றால் தொட்டி காலில் நிற்காது, கம்பி நுனியில் நிற்கும். முறுக்கை 5 மில்லிமீட்டருக்கு வெட்டி, குறட்டால் தொட்டியின் அடியோடு ஒட்ட மடக்கிவிடுங்கள். பீடத்தின் மேல் கீறல் விழுவதும் இதே நுனியால்தான்.

நான்கு கால் தொட்டி ஆடினால் சூளையில் சுடும்போது அடி கொஞ்சம் முறுகியிருக்கிறது என்று பொருள். மரம் இல்லாத நேரம் என்றால் தேய்த்தே சமன் செய்துவிடலாம். சமையல் மேடைக்கு வெட்டி மிஞ்சிய கிரானைட் துண்டு நல்ல சமதளம். அதன்மேல் 120 எண் வாட்டர் பேப்பரை நனைத்துப் போட்டு, தொட்டியை நிமிர்த்தி வைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். எந்தக் கால்கள் தேய்கின்றன என்று தெரிய, தொடங்கும் முன் நாலு கால் அடியிலும் பென்சிலால் கிறுக்கிவையுங்கள். உயரமான இரண்டு கால்களில் கிறுக்கல் முதலில் அழியும். நாலிலும் அழிந்ததும் நிறுத்தி, 400 எண் தாளில் நாலைந்து சுற்றுத் தேய்த்து முனையை மழுக்குங்கள். காலின் அடியில் மெருகுப் பூச்சு இருந்தால் அது போய் மண் நிறம் தெரியும். கீழே இருப்பதால் கண்ணுக்கு வராது.

மரம் இருக்கும் தொட்டியைத் தேய்க்க முடியாது. காட்சி நாளுக்கு மட்டும் ஒரு காலுக்கு அடியில் முட்டுக் கொடுக்கலாம். காகிதத்தை மடித்து வைத்தால் ஈரத்தில் சப்பையாகி மறுபடி ஆடும். ஆம்பூர், ராணிப்பேட்டை செருப்புக் கம்பெனிகளில் கழித்துப் போடும் தோல் துண்டு இதற்குக் கச்சிதம். 1 முதல் 2 மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கும், நசுங்கி மட்டம் மாறாது, கல் மேல் வழுக்கவும் செய்யாது. சாயம் ஏற்றாத தோலாகப் பாருங்கள், இல்லையென்றால் ஈரம் பட்டுப் பீடத்தில் கறை இறங்கும். காலைவிடச் சிறிதாக, வெளியே தெரியாதபடி வெட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தொட்டி ஒரு பக்கம் சாய்கிறது, காற்றில் கவிழ்கிறது

மூன்று கால் ஆடாது என்றோம். ஆனால் நாலு காலைவிட எளிதில் கவிழும். இரண்டும் வேறு வேறு குணம், போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கணக்கு இப்படி. கால்கள் நடுவிலிருந்து 9 செ.மீ. தள்ளி இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மரமும் தொட்டியும் சேர்ந்த எடையின் மையம் ஒரு காலை நோக்கி நகர்ந்தால் 9 செ.மீ. வரை தாங்கும். இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நோக்கி நகர்ந்தால் அதில் பாதி, 4.5 செ.மீ. தாண்டியதுமே கவிழ்ந்துவிடும். நாலு கால் தொட்டியில் அந்த மோசமான திசையிலும் சுமார் 6.4 செ.மீ. வரை தாங்கும்.

இப்போது மரத்தைப் பாருங்கள். நல்ல போன்சாயின் உச்சி பார்ப்பவரை நோக்கிக் கொஞ்சம் குனிந்திருக்கும், வணக்கம் சொல்வது போல. அதாவது எடை முன்பக்கம் போகிறது. ஒரு கால் முன்னால் இருந்தால் அந்த எடைக்கு நேர் கீழே தாங்கல் இருக்கிறது. தொட்டியைத் திருப்பி இடைவெளியை முன்னால் வைத்தால், மரம் குனியும் திசைதான் தொட்டியின் பலவீனமான திசை. பார்வைக்குச் சொன்ன நியதி எடைக்கும் பொருந்துகிறது.

பக்கவாட்டில் சாய்ந்த மரத்துக்கு இது போதாது. கால் முன்னால் இருக்கும்போது வலமோ இடமோ தாங்கும் தூரம் சுமார் 5.2 செ.மீ.தான். சாயும் திசைக்கு ஒரு காலைத் திருப்பினால் தாங்கல் கிடைக்கும், ஆனால் முன்னால் இருந்த கால் 30 டிகிரி விலகி முதலில் சொன்ன கோணல் வந்துவிடும். அதனால் காலைத் தொடாமல் வேறு வழி பாருங்கள். அடித்தூரைச் சாய்வுக்கு எதிர்த்திசையில் ஒரு செ.மீ. தள்ளி நடுங்கள். எதிர்ப்பக்க மண்ணுக்குள் உள்ளங்கை அகலக் கருங்கல் ஒன்றைப் படுக்க வையுங்கள். அதற்கும் அடங்காத, விளிம்புக்குக் கீழே தொங்கும் மரம் என்றால் மூன்று கால் ஆழமில்லாத் தொட்டி அதற்கு ஏற்றதே அல்ல. ஆழமான, கனமான, நாலு கால் தொட்டிக்கு மாற்றுங்கள்.

கவிழுமா என்று சோதிக்க, மண் நனைந்திருக்கும்போது ஒரு முறை, காய்ந்திருக்கும்போது ஒரு முறை, மரம் சாயும் திசையில் விளிம்பை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஈரமண் கனமாக இருப்பதால் காலையில் நிற்கும் மரம், மாலையில் மண் உலர்ந்ததும் சாயும். மேலே இலையின் எடை அப்படியே இருக்க, கீழே எடை குறைந்துவிடுகிறது. ஆடிக் காற்றில் மாடியில் விழும் தொட்டிகள் அதிகம் மாலையில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாடியில் வைத்து வளர்க்கும் நாட்களில் தொட்டியைப் பலகையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுவது நல்லது. அழகு காட்சி நாளுக்கு மட்டும் போதும்.

அறிகுறி: மரம் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் இருப்பது போலத் தெரிகிறது

அடித்தூரின் இரண்டு பக்கத்திலிருந்தும் விளிம்பு வரை அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தும் ஓரமாகத் தெரிந்தால், ஒரு பக்க வேர் மேலே நீண்டு தெரிவதாலோ, அடிமரம் கிளம்பும் கோணத்தாலோ கண் ஏமாறுகிறது. வட்டத் தொட்டியில் மரம் நடுவில் நிற்பதே முறை. நீள்வட்டத் தொட்டிக்குச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நடும் கணக்கை இங்கே கொண்டுவந்தால், காலின் அச்சு ஒரு பக்கம், மரத்தின் அச்சு ஒரு பக்கம் என்று இரண்டும் சண்டை போடும்.

பின்பக்கம் மட்டும் கொஞ்சம் தள்ளலாம். 24 செ.மீ. தொட்டியில் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. பின்னால். எதிரே நின்று பார்க்கும்போது முன்பக்க மண்பரப்பு கூடுதலாகத் தெரிந்து, மரத்துக்கு முன் ஒரு முற்றம் இருப்பது போல ஆழம் வரும். பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருந்தாலும் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள்.

நட்ட மரத்தைப் பிடுங்காமல் கண்ணைச் சரிசெய்ய முடியும். நீண்டு தெரியும் வேரின் மேல் கொஞ்சம் மண் தூவி மூடுங்கள், மறுபக்கம் பாசியை உயர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிணற்று உறையிலும் பழைய மதில் சுவரிலும் வரும் மெல்லிய வெல்வெட் பாசியைக் கத்தியால் வழித்து எடுத்து, மண் மெல்லிசாக ஒட்டியிருக்கும்படி முதல் நாளே பதித்துவிட்டால் காட்சியன்று ஒட்டுப் போட்டது போலத் தெரியாது.

அறிகுறி: தொட்டி பெரிதாகவோ தொங்கலாகவோ தெரிகிறது

சவுக்கு போன்ற ஒல்லியான, உயர்ந்த, உச்சியில் மட்டும் இலையுள்ள மரத்துக்கு வட்டத் தொட்டியின் விட்டம் மர உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால் போதும். ஆழம் அடிமரத்தின் கனத்தை ஒட்டி. தடித்த அடிமரமுள்ள ஆலுக்கு இதைவிட அகலம் வேண்டும். தொங்கலாகத் தெரிவது காலின் உயரத்தால். உயரமான கால் மரத்தைத் தூக்கிக் காட்டும், ஒல்லி மரத்துக்கு அது பொருந்தும். பருத்த மரம் அதன்மேல் நின்றால் சின்ன முக்காலியில் பெரியவர் உட்கார்ந்தது போல இருக்கும். அப்படிப்பட்ட மரத்துக்குக் கால் 8 மில்லிமீட்டர் அளவில் தட்டையாக, நிழல் மட்டும் தெரிந்தால் போதும்.

தொட்டியை வனையச் சொல்லி வாங்குவதாக இருந்தால், காட்பாடியை அடுத்த கரிகிரியில் சக்கரத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்கலாம். மூன்று காலும் சம தூரத்தில் வர, தொட்டியின் அடியைச் சுற்றி நூல் பிடித்து, அந்த நூலை மூன்றாக மடித்துக் குறி வைக்கச் சொல்லுங்கள். கண் மதிப்பில் ஒட்டினால் ஒரு கால் தள்ளிப் போகும், அதற்கப்புறம் எப்படித் திருப்பினாலும் நேர் வராது. வடிகால் துளை நடுவில் ஒன்று, கம்பி நுழைக்கச் சின்னத் துளை குறைந்தது இரண்டு என்பதையும் பச்சை மண்ணாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். துளை காலின் மேல் வந்துவிடாமல் கால்களின் இடைவெளியில் வரட்டும்.

அறிகுறி: பீடத்தில் ஏற்றியதும் அழகு குறைகிறது

வட்டத் தொட்டிக்கு வட்டப் பீடமோ, ஓரம் சீராக இல்லாத மெல்லிய மரப்பலகையோ பொருந்தும். பீடத்துக்கும் கால் இருந்தால் அதன் முன் காலும் தொட்டியின் முன் காலும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒன்று நேராக, ஒன்று விலகி இருந்தால் இரண்டுமே தப்பாகத் தெரியும். பீடத்தின் விளிம்பு தொட்டியின் கால்களுக்கு வெளியே எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலமாவது தெரிய வேண்டும். மரத்தை எந்த உயரத்தில் வைப்பது என்பது பார்ப்பவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அடிமரத்தின் கீழ்ப் பாதி அவர் கண்ணுக்கு நேரே வந்தால் சரி. தரையில் வைத்தால் மேலிருந்து இலையும் விளிம்பும்தான் தெரியும், காலை நேராக வைத்த உழைப்பெல்லாம் மறைந்துவிடும்.

அறிகுறி: விளிம்பிலும் காலிலும் வெள்ளைப் பூப்பு

பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. தொட்டி உறிஞ்சிய நீர் ஆவியாகி உப்பு மேலே தங்குகிறது. கால்தான் ஈரத்தில் நிற்கும் இடம் என்பதால் அங்கே முதலில் படியும். வினிகரில் நனைத்த பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். வினிகர் மண்ணில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெருகு இல்லாத தொட்டி என்றால் காய்ந்த பிறகு துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பூசித் துடைத்தால் நிறம் ஆழமாகும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும்.

அறிகுறி: கால் உடைந்துவிட்டது

உடைந்த துண்டு கையில் இருந்தால் இரண்டு பாகமாக வரும், கலந்து பூசும் எபாக்சி பசை போட்டு ஒட்டலாம். இரண்டு பக்கமும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், ஒரு முழு நாள் அசைக்கக் கூடாது. மூன்று கால் தொட்டியில் ஒட்டிய கால் முன்னால் வரட்டும் என்று சிலர் வைப்பார்கள், முழுதாகத் தெரிகிறதே என்று. வேண்டாம். குனிந்த மரத்தின் எடை அதன்மேல்தான் இறங்கும். ஒட்டிய காலைப் பின்னால் வையுங்கள்.

அறிகுறி: தண்ணீர் வடியவில்லை, பீடத்தில் வட்டக் கறை

கால் இருப்பதே அடியில் காற்றும் நீரும் போக. வளர்க்கும் இடத்தில் தொட்டியை ரப்பர் விரிப்பிலோ பாசி படர்ந்த தரையிலோ வைத்தால் கால் புதைந்து அடி ஒட்டிக்கொள்ளும். துளையைக் குச்சியால் குத்திப் பாருங்கள், வலையில் வேரும் களிமண்ணும் அடைத்திருந்தால் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடலாம். மண்ணுக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் சலித்த செங்கல் ஜல்லி பாதிக்கு மேல் இருந்தால் அடைப்பு குறையும். ஜல்லியில் தூள் கலந்திருந்தால் அதுவே சேறாகி அடியில் தங்கும். சலித்த பிறகு ஒரு முறை கழுவுங்கள்.

துளை சரியாக இருந்தும் அடியில் ஈரம் தேங்கினால், தட்டையான தரையுள்ள தொட்டியில் கடைசி நீர் மண்ணிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறது. காட்சியன்று விடியற்காலையில் நீர் ஊற்றி, முன் காலுக்கு அடியில் ஒரு செங்கல் துண்டு கொடுத்து, தொட்டியைப் பின்பக்கம் சாய்த்துப் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டோ முட்டுக் கொடுத்தோ வையுங்கள். மட்டமாக இருக்கும்போது வராத நீர் சாய்த்ததும் துளை வழியாகச் சொட்டும். சொட்டு நின்ற பிறகு மூன்று காலின் அடியையும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பீடத்தில் ஏற்றுங்கள்.